நடப்பதற்காகக் காரில் வந்தவர்கள்

ஜூன் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, கையசைத்தால் தெரியும் தொலைவில் குடியிருக்கும் சொந்த அக்காவின் வீட்டுக்கு ஒருத்தியால் நடந்துபோக முடியவில்லை. குறை இதுதான். இந்தக் குறையை ஒரே நாளில் தீர்த்துவிடுவது என்று அவள் கணவர் கங்கணம் கட்டிக்கொண்டதால்தான் அன்றைக்கு அத்தனையும் நடந்தது.

"செருப்பை மாட்டு. கீழே எல்லாரும் வந்தாச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு?" என்றாள் மனைவி, பால்கனியிலிருந்து திரும்பாமலே.

"நடக்கறதுக்கு!"

"எங்கே?"

இந்த ஒற்றைச் சொல் கேள்விக்குத்தான் அந்தப் புதுநகரில் யாரிடமும் விடை இல்லை.

கண்ணாடிக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப்பேருடைய தூரப்பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் வீடு வாங்கப் போன அன்று மட்டும் கண்ணைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார் என்பது மனைவியின் கட்சி. "பூங்கா, நூலகம், கடைத்தெரு யாவும் நடந்துபோகும் தூரத்தில்" என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தூரம், நடந்துபோகும் தூரம்தான்; நடந்துபோக வழிதான் இல்லை. வாயிலைத் தாண்டினால் ஆறு தடங்களில் வண்டிகள் பறந்தன. நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச்சுவர். சாலையோரத்தில் நீளமாக ஒரு மண்துண்டு கிடந்தது. அதில் ஒரு ஜல்லிக் குவியல், கேபிள் புதைக்கத் தோண்டி மூட மறந்த ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்து கிடந்த 'நல்வரவு' பலகை.

அக்காவும் தங்கையும் எதிரெதிர்ப் பால்கனிகளில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே, தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் காரை எடுத்து, இடப்பக்கம் திரும்பி, பாலத்தடி வரைக்கும் போய், அங்கே வளைந்து, அதே தூரத்தைத் திரும்பி வரவேண்டும். போய்ச் சேர்வதற்குள் அக்கா ஊற்றிவைத்த காபியில் ஆடை படிந்துவிடும்.

இந்த அழகில், போன மாதம் மனைவியின் நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், "மருந்து பாதி, நடை பாதி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றுமுதல் அவள் அடித்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குத் தூண் நடந்து பார்த்தாள்.

"இந்தக் கட்டடத்துல எனக்கு இப்போ யாரையெல்லாம் தெரியும் தெரியுமா?" என்று ஒருநாள் கணவரிடம் கேட்டாள். "வெள்ளைக் கார், சாம்பல் கார், கதவுல கீறல் விழுந்த நீலக் கார். நீலக் கார் மட்டும் கொஞ்சம் மரியாதை தெரிஞ்சது. ஹாரன் அடிச்சிட்டுத்தான் இடிக்க வரும்."

"கொஞ்சம் பொறுத்துக்கோயேன். எல்லாம் வந்துடும்."

"மழைக்காலம் வர்றதுக்குள்ள நான் நடக்க ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா பழைய வீட்டுக்கே போயிடறேன். நீங்க இங்கேயே இருந்து லிஃப்ட்ல ஏறி இறங்கிக்கிட்டு இருங்க."

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரர் கவலைப்பட்டிருக்கமாட்டார். சாந்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து, பழைய வீட்டின் சாவியை எடுத்து வந்து, வாசற்கதவின் அருகில் கார்ச்சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அதன்பிறகு கார்ச்சாவியை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சாவி ஆடிற்று.

அந்தச் சமயத்தில்தான் நகர்த்திட்ட அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் கண்ணாடி மாற்றுவதற்குக் கடைக்கு வந்து சேர்ந்தார். நாற்காலியில் அவரை உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மூக்கின்மேல் ஏற்றி, இனி அவரால் எழுந்து ஓட முடியாது என்று உறுதியான பிறகு கண்ணாடிக்காரர் ஆரம்பித்தார்.

"மேல் வரி தெரியுதா சார்?"

"தெரியுது."

"கீழ் வரி?"

"மங்கலா இருக்கு."

"எங்க வீட்டு வாசல்ல நடைபாதை தெரியுதா?"

பொறியாளர் சட்டத்துக்குள்ளிருந்து விழித்தார். "அந்த ஓரத்து மண்துண்டைச் சொல்றீங்களா? அதை என்ன பண்றதுன்னு வர்ற செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணப் போறாங்க. கடைத்தெரு முனையில ஒரு அம்மா உட்கார்ந்து எண்ணுவாங்க. ஆனா ஒண்ணு சார், எண்ணிக்கை மட்டும் அதிகமா வந்துட்டா..."

"வரும் சார்!" கண்ணாடிக்காரர் கையிலிருந்த வில்லையோடு துள்ளினார். "அதை என்கிட்ட விட்டுடுங்க. எண்ணற அம்மாவுக்கு விரல் வீங்கற அளவுக்கு வரும்!"

"இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணை மூடாம நேரா பாருங்க."

வாய் திறக்கப்போன பொறியாளரின் கண்ணுக்கு நேரே விளக்கைப் பிடித்தார். கூசுகிற கண்ணோடு எந்த மனிதரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியும்?

அன்று மாலையே குடியிருப்பு முழுவதற்கும் செய்தி பறந்தது. 'நடப்பவர் இல்லை என்பதால்தான் நடைபாதை இல்லை. செவ்வாய்க்கிழமை எண்ணுகிறார்கள். நாம் யார் என்று காட்டுவோம்.' எல்லாரும் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து, அக்காவின் கணவரான சகலை தொலைபேசியில் முழங்கினார்.

"சகலை! எங்க பக்கத்துல ஒரு வீடு விடாம கிளப்பறேன். நீங்க கவலையே படாதீங்க."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை, சகலை?"

இவ்வளவு ஏற்பாடு செய்த பிறகுதான், செவ்வாய்க்கிழமை காலையில் சொந்த மனைவி பால்கனியை விட்டு நகர மறுத்தாள்.

"நான் இங்கேருந்தே பார்க்கறேன். வழி வந்ததும் கூப்பிடுங்க" என்றாள். அவள் பார்வை வாசற்பக்கத்து ஆணிக்கு ஒருமுறை போய்த் திரும்பியது. கண்ணாடிக்காரர் வாதாடாமல் இறங்கிப் போனார்.

கீழே நல்ல கூட்டம். புத்தம்புதுக் காலணிகள், தொப்பிகள், தண்ணீர்ப் புட்டிகள். மலையேறப் போகிறவர்களைப்போல் முகம் நிறைய உறுதி. வாயிலைத் திறந்ததும் முன்னால் நின்ற பல்டாக்டரம்மா, ஒரு காலை வெளியே வைத்தார்; ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது; வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"நீங்க முன்னாடி போங்க சார்" என்றார்.

"நீங்கதானே டாக்டர் முன்னாடி நின்னீங்க?"

"நின்னேன். இப்ப யோசிக்கிறேன். இந்தப் பள்ளத்துல விழுந்தா எனக்கு நானே பல் கட்டிக்க முடியாது."

ஜல்லிக் குவியலில் ஏறிப் பார்த்த ஒருவர் இரண்டடி சறுக்கி, ஏறிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. கடைத்தெரு முனையோ கண்ணுக்கு எதிரே தெரிந்தது. அங்கே ஒரு குடையும் விரிந்துவிட்டது.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் பல்டாக்டரம்மா. "முனை வரைக்கும் கார்ல போயிடுவோம். அங்கே இறங்கி, அந்த அம்மா கண்ணு முன்னாடி நடப்போம்."

நடப்பதற்காகக் காரில் போவதா என்று ஒரு கணம் கண்ணாடிக்காரருக்கு உறுத்தியது. ஆனால், கலைகிற கூட்டத்தைப் பார்த்ததும் அந்த உறுத்தல் பறந்துவிட்டது. மேலே ஓடிப்போய்க் கார்ச்சாவியை எடுத்தார். பக்கத்துச் சாவி ஆடிற்று.

முனையில், குடைக்கு அடியில், மடக்கு நாற்காலியில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைக்குள் ஒரு சிறிய எண்ணுங்கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஒன்று கூடும்.

"வணக்கம்மா. எண்ண வந்தவங்க நீங்கதானே?"

"ஆமா சார்."

"இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?"

"வெளியில சொல்லக்கூடாது சார்."

"சொல்ல வேண்டாம்மா. ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்க, எங்க ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க."

"அப்படியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்த பெண்மணி, வரப்போகும் வேலையை எண்ணிக் கட்டைவிரலை நீவிவிட்டுக்கொண்டார்.

முதல் கார் வந்து மண்துண்டில் ஏறி நின்றது. டக். இரண்டாவது வந்தது. டக். கதவு திறந்து ஆள் இறங்குவதற்கு முன்பே எண்ணிவிடுகிற அந்தக் கடமையுணர்ச்சியைக் கண்டு கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்தது. காற்றாடிபோல் கைகளைச் சுழற்றி, கார்களை வரிசையாக நிறுத்திவிடும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். "இன்னும் உள்ளே தள்ளுங்க! நெருக்கி விடுங்க! பின்னாடி ஆள் வருது!"

பல்டாக்டரம்மாவின் காரிலிருந்து டாக்டரம்மா, அவர் கணவர், மகள், மாப்பிள்ளை என்று ஒரு குடும்பமே இறங்கியது. ஆனால், கேட்டது ஒரே ஒரு 'டக்'.

கண்ணாடிக்காரர் பதறிப்போனார். "அம்மா, நாலு பேர் இறங்கினாங்க. நீங்க ஒண்ணுதான் அமுக்கினீங்க."

"ஒண்ணா வந்தா ஒண்ணுதான் சார் கணக்கு."

"நாலு பேரா இருந்தாலுமா?"

"நாப்பது பேரா இருந்தாலும்."

அநியாயமாகத்தான் பட்டது. ஆனால், அரசாங்க விதியோடு தெருமுனையில் நின்று மல்லுக்கட்ட முடியுமா? உடனே குடியிருப்புக்குச் செய்தி அனுப்பினார். 'சேர்ந்து வராதீர்கள்! குடும்பமாக வந்தால் ஒன்று என்றுதான் எண்ணுகிறார்கள். தனித்தனியாக வரவும்.'

தனித்தனியாக வந்தார்கள். கணவர் ஒரு காரில், மனைவி இன்னொரு காரில், மகன் ஸ்கூட்டரில். பல்டாக்டரம்மாவின் மாப்பிள்ளை, மாமனாரோடு வந்தது செல்லாது என்று அறிந்து, திரும்பப் போய்த் தன் காரை எடுத்து வந்தார். டக், டக், டக்.

"பார்த்தீங்களா? எப்படி ஏறுது!" என்று கண்ணாடிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சார். இவ்வளவு வரும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார் பெண்மணி. அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் களைப்பு என்று எடுத்துக்கொண்ட கண்ணாடிக்காரர், கடையில் குளிர்பானம் வாங்கி வந்து கொடுத்தார்.

இதற்கிடையில் இறங்கியவர்கள் உண்மையிலேயே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தக் காருக்கும் அந்தக் காருக்கும் இடையில் இருந்த சந்தில் கைவீசி நடந்தார்கள்; முட்டிக்கொண்டார்கள்; மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால், கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

"இத்தனை பேர் நடக்கறாங்க, எண்ண மாட்டேங்கறீங்களே அம்மா?"

"வந்ததை அப்பவே எண்ணிட்டேனே சார். போயிட்டு மறுபடி வந்தா மறுபடி எண்ணணும்."

கண்ணாடிக்காரரின் முகம் ஒளிவீசியது. குடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மண்மேட்டின்மேல் ஏறி நின்று, வாய்க்கு இருபுறமும் கைகளை வைத்து முழங்கினார். "எல்லாரும் கேளுங்க! இங்கேயே நடந்தா பிரயோஜனம் இல்லை! வண்டியை எடுத்துட்டுப் போய், பாலத்தடியில வளைஞ்சு, மறுபடியும் வாங்க!"

"எத்தனை தடவை?" என்று கேட்டது ஒரு தொப்பி.

"முடிஞ்ச வரைக்கும்!"

போனார்கள், வந்தார்கள். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து சகலையின் படையும் கிளம்பியது. அவர் வீட்டிலிருந்து இந்த முனைக்கு ஒரு பந்தை எறியலாம். ஆனால், அவரும் பாலத்தடியில் வளைந்துதானே வந்தாகவேண்டும்? முன்னால் சகலையின் கார். பின்னால் அவருடைய உடற்பயிற்சிக்கூட நண்பர்கள். இருந்த இடத்திலேயே சுழலும் பட்டையில் நடப்பதற்காக நாள்தோறும் காரில் போகிறவர்கள் அவர்கள். வளைகிறவர்களும் வளைந்து வருகிறவர்களும் பாலத்தடியில் நேருக்குநேர் சந்தித்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. லாரிக்குப் பின்னால் ஊரே நின்றது.

முதலில் ஹாரன்கள் கதறின. பிறகு தொண்டை கட்டியதுபோல் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெட்ரோல் வீணாகிறதே என்று ஓட்டுநர்கள் என்ஜினை அணைத்தார்கள். ஆறு தடங்களிலும் கண்ணுக்கு எட்டியவரை எதுவும் அசையவில்லை. அந்தச் சாலை பிறந்த நாள்முதல் அதன்மேல் இறங்கியிராத ஓர் அமைதி இறங்கியது. எங்கோ ஒரு பறவை கூவியது. "இது எங்கேருந்து?" என்று பலர் மேலே பார்த்தார்கள்.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் அதைக் கண்டார்.

குடியிருப்பு வாயிலிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். ஜல்லிக் குவியலைச் சுற்றி, நின்றுபோன கார்களுக்கு நடுவே நிதானமாக நடந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அக்காவும் அதேபோல் நடந்து வந்துகொண்டிருந்தாள். கதவில் கீறல் விழுந்த நீலக் காரைத் தாண்டும்போது மனைவி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதையும் அவர் பார்த்தார். இருவரும் நடுச்சாலையில், முழங்கால் உயரச் சுவருக்கு இருபுறமும் வந்து நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து, தொலைபேசி இல்லாமல், ஏதோ ஊர்க்கதை பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கி, ஒருவர் அவர்களுக்கு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

வீடு வாங்கிய நாளிலிருந்து மனைவி இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்கல் கண்ணாடியில் இல்லை என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவும் தங்கையும் கைகோத்தபடி முனைக்கே வந்துவிட்டார்கள். மனைவிக்கு லேசாக மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

"நான் நடந்தே வந்துட்டேங்க!" என்றாள்.

"பார்த்தேன்" என்றார் அவர்.

"உங்க மூளையை நான் ரொம்பக் குறைச்சு எடை போட்டுட்டேன். சரி, அந்தப் பழைய சாவியைத் திரும்ப அலமாரியிலேயே வச்சிடறேன். இனிமே வழி வந்துடும்தானே?"

"வராம எங்கே போகும்? அந்த அம்மா விரலைப் பாரு, சிவந்தே போச்சு!"

"தங்கச்சி, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இன்னிக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு" என்றாள் அக்கா. "நடந்தே போவோம். இவரோட சகலை பாலத்தடியிலேருந்து வர்றப்போ வரட்டும்."

இந்த மகிழ்ச்சிக்கு நடுவே, நின்றுபோன ஜீப்பை விட்டுவிட்டு, வண்டிகளுக்கு இடையில் நெளிந்து நெளிந்து உதவிப் பொறியாளர் வந்து சேர்ந்தார். மூக்கின்மேல் புதுக்கண்ணாடி.

"யாரோட ஏற்பாடு இது?"

"என்னோடதுதான் சார்!" என்று கண்ணாடிக்காரர் மார்பை நிமிர்த்தினார்.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். "போன வாரம் நடைபாதை வேணும்னு கேட்டது நீங்கதானே? இல்ல, எனக்குத்தான் இன்னும் சரியாத் தெரியலையா?"

"நானேதான் சார். எண்ணிக்கை போதுமா, சொல்லுங்க?"

பொறியாளர் மண்துண்டில் முட்ட முட்ட நின்ற கார்களைப் பார்த்தார். குடைப் பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி எழுந்து, குடையை மடக்கி, நாற்காலியை மடக்கி, எண்ணுங்கருவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வீங்கிய கட்டைவிரலை ஊதியபடி சொன்னார்:

"இந்த ஓரம் பிளான்லயே நடைபாதைதான் சார், கார் நிறுத்த இடம் பத்தலைன்னு கடைக்காரங்க கேட்டதால, வண்டி நிறைய வருதான்னு எண்ணிப் பார்க்கத்தான் என்னை அனுப்பினாங்க. நீங்க எல்லாரும் இன்னிக்கு ஒருநாள் பேசாம வீட்டுல இருந்திருந்தா, நாளைக்குக் காலையில கல்லு பதிக்க ஆள் வந்திருக்கும்."

வாசகரே, உங்கள் தெருமுனையில் யாரேனும் குடை விரித்து எண்ண உட்கார்ந்தால், எதை எண்ணுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். கேட்கப் போகும்போது, தயவுசெய்து, கார்ச்சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.